நான்கா, ஆறா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள்கள் இரண்டு கிடந்தன. ஒன்றில் என் கையெழுத்து, இன்னொன்றில் அலுவலகத் தோழியின் கையெழுத்து. கணினிகள் இணையத்தில் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் நெறிமுறை ஒன்றின் வரைவு அது. இருவரும் அதன் ஒரே பக்கத்தைப் படித்து, அதில் சொன்னபடி ஒரு பாக்கெட்டை, அதாவது கணினிகள் அனுப்பிக்கொள்ளும் ஒரு தகவல் பொட்டலத்தை, பைட் பைட்டாகக் கையால் எழுதியிருந்தோம். ஒரு பைட் என்றால் 0 முதல் 255 வரை ஓர் எண். எழுதி முடிக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

என் தாளில் 1, 6, 192, 0, 2, 1 என்று இருந்தது. அவள் தாளில் 1, 4, 192, 0, 2, 1.

விஷயம் இதுதான். இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் முறையில், கேள்வியோடு கூடுதல் விவரம் சேர்த்து அனுப்ப ஒரு புதிய ஆப்ஷனை அந்த வரைவு முன்வைக்கிறது. ஆப்ஷனுக்குள் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் வகையைச் சொல்ல ஒரு பைட், நீளத்தைச் சொல்ல ஒரு பைட், அதன் பிறகு தகவல். உதாரணங்களில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கி வைத்த 192.0.2.1 என்ற முகவரியைத் தகவலாக எடுத்துக்கொண்டோம். அது நான்கு பைட். 'நீளம்: துண்டின் நீளம், பைட் கணக்கில்' என்று வரைவு சொல்கிறது. துண்டு என்றால் தலையும் சேர்த்துத்தானே என்று நான் ஆறு போட்டேன். தகவலின் நீளத்தைத்தானே சொல்வார்கள் என்று அவள் நான்கு போட்டாள். இரண்டு பேரும் பத்து வருடத்துக்கு மேலாக இதே வேலையைச் செய்கிறவர்கள்.

இருவர் படித்ததிலும் தவறில்லை. அந்த வரி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அவள் எழுதிய பாக்கெட் என் நிரலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று அதே தாளில் பார்த்தோம். என் நிரல் 4 என்பதைத் தலையும் சேர்ந்த நீளமாக எடுத்துக்கொள்ளும். 192, 0 இரண்டையும் தகவலாக விழுங்கிவிட்டு, மிச்சமிருக்கும் 2, 1 என்பதைப் புதிய துண்டின் தலை என்று நினைக்கும். வகை 2, நீளம் 1. வகை 2 என்று ஒன்று அந்த வரைவில் நிஜமாகவே இருக்கிறது! யாரோ ஒருவருடைய முகவரியின் கடைசி இரண்டு எண்கள், யாரும் அனுப்பாத ஒரு துண்டாக மாறி நிற்கும்.

இணைய நெறிமுறைகளின் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது எனக்கு வார இறுதி வேலை. சம்பளம் கிடையாது, யாரும் நியமிக்கவும் இல்லை. இணையத் தரநிலைகளை உருவாக்கும் ஐஇடிஎஃப் என்ற அமைப்பில் உறுப்பினர் கட்டணமே கிடையாது, வரைவுகள் எல்லாம் பொதுவில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் படித்து எழுதலாம். ஒரு வரைவுக்கு ஆயுள் ஆறு மாதம். அதற்குள் அடுத்த பதிப்பு வராவிட்டால் காலாவதி. பதிப்பு எண் 00 என்று தொடங்கும். இணைய இணைப்புகளை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3 என்ற, ஆகஸ்ட் 2018இல் வெளியான தரநிலையின் வரைவு 28 வரை போனது. குழு முடித்த வரைவுக்கு, வெளியாகும் முன் இரண்டு வாரம் 'கடைசி அழைப்பு' வைத்து எல்லோரிடமும் கருத்துக் கேட்பார்கள். ஓட்டெடுப்பு கிடையாது. அரசரும் வேண்டாம், அதிபரும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், தோராயமான ஒப்புதலும் ஓடுகிற நிரலும் போதும் என்று இணையத்தின் தொடக்ககால வடிவமைப்பாளர்களில் ஒருவரான டேவ் கிளார்க் 1992இல் சொன்னதைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எதிர்ப்பவர் எத்தனை பேர் என்று எண்ணுவதைவிட, சொல்லப்பட்ட எதிர்ப்புக்குப் பதில் கிடைத்ததா என்று பார்ப்பார்கள். கோயம்புத்தூரில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து படிக்கிற என் ஒரு கேள்விக்கும் அங்கே இடம் இருப்பது அதனால்தான்.

சரி, நீளத்துக்கு வருகிறேன். 'நீளம் என்றால் வழக்கமாக எது?' என்று கேட்டால் வழக்கம் என்று ஒன்று இல்லை என்பதுதான் பதில். தகவலை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையின் ஆப்ஷனில் நீளம் தலையின் இரண்டு பைட்டையும் சேர்த்தது. சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியின் ஆப்ஷனில் தகவல் மட்டும். புதிய முகவரி முறையான ஐபிவி6இல் பக்கத்து இயந்திரங்களைக் கண்டுபிடிக்கும் நெறிமுறையில் தலையையும் சேர்த்து எட்டு எட்டு பைட்டாக எண்ண வேண்டும். மூன்றும் இன்று நம் வீட்டு ரவுட்டரில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. இதில் எதில் பழகியவரோ, அவருக்கு அதுதான் 'வழக்கம்'.

நீளம் தலையையும் சேர்த்தது என்று வைத்துக்கொண்டால் உடனே அடுத்த கேள்வி வருகிறது. அந்த இடத்தில் 0 வந்தால்? நிரல் ஒரு துண்டைப் படித்துவிட்டு, நீளத்தின் அளவு முன்னால் நகர்ந்து அடுத்த துண்டைப் படிக்கும். நீளம் 0 என்றால் நகரவே நகராது. அதே துண்டை மறுபடி, மறுபடி, மறுபடி படித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பாக்கெட்டில் சர்வர் சுற்றிச் சுற்றி மூச்சடைத்து நின்றுவிடும். இது கற்பனையான பயம் இல்லை, பாக்கெட் பிரிக்கும் நிரல்களில் மிகப் பழைய ஓட்டைகளில் ஒன்று. செப்டம்பர் 1981இல் வந்த டிசிபி ஆவணம் இதைப் பற்றிப் பேசவில்லை. ஐஇடிஎஃப் வெளியிடும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்; அக்டோபர் 1989இல் வந்த ஆர்எஃப்சி 1122தான், நீளம் 0 போல முறைகேடாக வந்தாலும் சமாளிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதியது. டிசிபியை முழுதாகத் தொகுத்து ஆகஸ்ட் 2022இல் வந்த ஆர்எஃப்சி 9293இல் அது ஒரு கட்டாய விதியாக, தனி எண்ணோடு நிற்கிறது. ஐபிவி6இன் அந்த நெறிமுறையிலும், நீளம் 0 உள்ள ஆப்ஷன் இருந்தால் அந்தப் பாக்கெட்டையே சத்தமில்லாமல் தூக்கிப் போட வேண்டும் என்று ஒரு வாக்கியம் உண்டு. இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்க்கும்போது, அதை எழுதச் சொல்லிக் கேட்ட முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்வேன்.

படிக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் முதல் வேலையில் இருந்த ஒரு மூத்தவர். எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். என் முதல் ரிவ்யூவை அவரிடம் காட்டினேன். இரண்டு பக்கம் இருந்தது. எழுத்துப்பிழை, காற்புள்ளி, ஒரே சொல் இரண்டு விதமாக எழுதியிருப்பது, இப்படியே போனது. பொறுமையாகக் கடைசி வரை படித்துவிட்டு, "ஏம்மா, இதை மட்டும் கையில குடுத்தா உன்னால கோட் எழுதிட முடியுமா?" என்று கேட்டார். திரும்பிப் போய் உட்கார்ந்து முயன்றேன். மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டேன். டைமர் எப்போது தொடங்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நான்கு முறை படித்த வரைவு அது. பிழை தேடிப் படித்ததால், இல்லாதது என் கண்ணில் படவில்லை.

எழுத்துப்பிழை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு வலைப்பக்கத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைச் சொல்லும் 'ரெஃபரர்' என்ற தலைப்பு வரி, வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையின், மே 1996இல் வந்த 1.0 ஆவணத்தில் ஓர் ஆர் எழுத்து குறைவாக அச்சானது. இன்றுவரை ஒவ்வொரு உலாவியும் அந்தப் பிழையோடுதான் அனுப்புகிறது. திருத்தினால் பழையது எதுவும் ஓடாது. ஆனாலும் அண்ணா கேட்ட அன்றிலிருந்து என் முறை இதுதான்: அச்செடுப்பேன், பென்சிலால் ஒரு பாக்கெட்டாவது எழுதிப் பார்ப்பேன், அப்புறம்தான் காற்புள்ளி.

இன்னொரு இடத்திலும் நான் நிற்பேன். அதற்குக் காரணம் தமிழ்தான் என்று நினைக்கிறேன். இந்த ஆவணங்களில் மஸ்ட், ஷுட், மே என்ற ஆங்கிலச் சொற்களுக்குத் தனி எடை உண்டு. மார்ச் 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 அந்த எடையை வரையறுத்தது. பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே அந்த எடை என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. மஸ்ட்டுக்கும் ஷுட்டுக்கும் என் மனதில் வருவது ஒரே சொல், 'வேண்டும்'. 'வரி கட்ட வேண்டும்' என்பதும் வேண்டும்தான், 'ஒருநாள் வீட்டுக்கு வர வேண்டும்' என்பதும் வேண்டும்தான். குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். தாளில் குரல் இல்லை. அதனால் ஒவ்வொரு ஷுட்டைக் கண்டாலும் நின்று, 'எப்போது செய்யாமல் விடலாம்?' என்று ஓரத்தில் எழுதுவேன். தகுந்த காரணம் இருந்தால் விடலாம் என்பதுதான் அந்தச் சொல்லுக்கான வரையறை. அந்தக் காரணம் எதுவாக இருக்கலாம் என்று வரைவு ஓர் உதாரணம்கூடத் தராவிட்டால், அது எழுதியவர்கள் குழுவுக்குள் முடிவுக்கு வராமல் விட்ட இடமாக இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இந்த வரைவில் அப்படி ஒன்பது ஷுட். மூன்றுக்குத்தான் காரணம் இருந்தது.

எழுதாமல் விட்ட ஒரு விஷயம் எத்தனை காலம் இழுக்கும் என்பதற்கு என் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. டிஎன்எஸ் செய்தியின் தலையில், இதற்குள் எத்தனை கேள்விகள் உள்ளன என்று சொல்ல 16 பிட் இடம் உண்டு. கணக்குப்படி 65,535 கேள்விகள் வரை வைக்கலாம். ஆனால் பதிலில் நிலையைச் சொல்லும் குறி ஒன்றே ஒன்றுதான். இரண்டு பெயர்களைக் கேட்டு, ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் அந்த ஒரு குறியில் எதைச் சொல்வது? நவம்பர் 1987இல் வந்த ஆவணம் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று தடுக்கவும் இல்லை. எல்லோரும் ஒரு கேள்வியே அனுப்பிப் பழகினார்கள். சாதாரணக் கேள்வி வகைக்கு அந்த எண்ணிக்கை ஒன்றைத் தாண்டக் கூடாது என்று எழுத்தில் வந்தது ஜூலை 2024இல், ஆர்எஃப்சி 9619ஆக. ஏறக்குறைய 37 வருடம். இதற்கு நடுவில், இரண்டு கேள்விகள் வந்தால் என்ன செய்வது என்று நிரல் எழுதிய ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

என் அம்மா பெயர் கௌசல்யா. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் அவர் பெயரைக் கணினியில் தேடினால் வரவேயில்லை. ஆதாரமெல்லாம் கையில் இருக்கிறது, அங்கே கணினியில் இருந்த அலுவலரும் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கிறார், பதிவே இல்லை என்கிறது. இரண்டு முறை போய் வந்த பிறகு நானே திரையைப் பார்த்தேன். முதலில் பதிந்தவர் 'கௌ' என்பதை, 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்துச் சேர்த்திருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு பெண்கள்.

அந்த வருடமே பயனர் பெயர்களை ஒப்பிடுவது பற்றிய ஒரு வரைவு கண்ணில் பட்டது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு தரநிலையில், ஒரே எழுத்தைப் பல விதமாக அடித்திருந்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சீராக்க முறையைச் செய்துவிட்டால் பார்க்க ஒன்றாக இருக்கும் பெயர்கள் ஒன்றாகவே ஒப்பிடப்படும் என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது. 'ஔ'கார நீட்டல் குறி என்று யுனிகோடில் தனியாக ஒன்று உண்டு. ஒற்றைக் கொம்போடு அதைச் சேர்த்து எழுதியிருந்தால் சீராக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் யாரும் அந்தக் குறியைத் தேடி அடிப்பதில்லை, 'ள'வைத்தான் அடிக்கிறார்கள். 'ள' ஒரு முழு எழுத்து, சீராக்கம் அதைத் தொடாது. 'ஶ்ரீ'யும் அப்படியே. 2005இல் 'ஶ' தனி எழுத்தாக யுனிகோடுக்குள் வந்த பிறகு, அதை வைத்து எழுதிய ஶ்ரீயும் 'ஸ'வை வைத்து எழுதிய ஸ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம், உள்ளே வேறு வேறு. இரண்டு உதாரணங்களையும் குறியீட்டு எண்களோடு எழுதி அனுப்பினேன். வரைவை எழுதியவர்களில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் எண்களைச் சரிபார்த்து, மூன்று நாளில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புப் பகுதியில், சீராக்கிய பின்னும் பார்க்க ஒன்றாகத் தெரியும் பெயர்கள் இருக்கலாம் என்று ஒரு பத்தி சேர்ந்தது. அம்மாவின் பதிவு இதனால் சரியாகவில்லை. அதை ஒரு மனு எழுதிக் கொடுத்துத்தான் சரிசெய்தோம். ஆனால் அந்தப் பத்தியை அச்செடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு இரவே, நீளத்தைப் பற்றிய குறிப்பை எழுதி அனுப்பினேன். எழுதும்போது ஒன்றைக் கடைப்பிடிப்பேன்: 'தெளிவாக இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன். எழுதியவர்களுக்கு அது தெளிவாகத்தானே இருக்கும், அவர்கள் தலைக்குள் மிச்சம் இருக்கிறது. அதனால் எங்கள் இரண்டு தாள்களின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இதில் எது சரி என்று கேட்டேன். மாற்று வாக்கியங்களையும் எழுதித் தந்தேன். நீளம் தலையின் இரண்டு பைட்டையும் சேர்த்தது என்று ஒன்று. நீளம் 2க்குக் குறைவாக இருந்தால் தூக்கிப் போட வேண்டும் என்று இன்னொன்று. ஆறு பைட் உதாரணத்தையும் வரைவுக்குள்ளேயே சேர்க்கக் கேட்டேன்.

வியாழக்கிழமை புதிய பதிப்பு வந்தது. ஆறுதான் சரி என்றார்கள். நீள வாக்கியமும் உதாரணமும் அப்படியே உள்ளே இருந்தன. தோழியை மறுபடி எழுதச் சொன்னேன், அவளும் 6 போட்டாள். அப்புறம் இருவரும் நீளம் 1 உள்ள துண்டு ஒன்றை நடுவில் வைத்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டோம். நான் அந்தத் துண்டோடு மொத்த ஆப்ஷனையும் தூக்கிப் போட்டேன். அவள் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு முன் படித்த துண்டுகளை வைத்துக்கொண்டாள். எதைத் தூக்கிப் போடுவது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. நான் எழுதிக் கொடுத்த வாக்கியம் அது. இன்று இரவு அதைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும்.