சொன்னது உண்மைதான்

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளாக இந்த ஒரு சமாதானத்தைக் கைத்தடிபோல ஊன்றிக்கொண்டுதான் நடந்து வந்திருக்கிறேன்.

அலுவலகக் கேண்டீனில் ஒரு மாலை, காபி ஆறிக்கொண்டிருந்த நேரத்தில், மேலாளர் என்னிடம் என் சக ஊழியர் ஒருவரைப் பற்றிக் கேட்டார். கணக்குப் பிரிவின் தலைமைப் பொறுப்பு காலியாகவிருந்தது. பணி மூப்பின்படி அது அவருக்குத்தான் போக வேண்டும். "நல்ல மனிதர்தான் சார், ஆனால் மாதக் கடைசியில் அவரை நம்பி எதையும் விட முடியாது" என்றேன். அந்த ஆண்டில் பல மாதங்கள் கணக்கு முடிப்பதற்கு முன்பே அவர் கிளம்பிப் போனதும், அவர் பாதியில் விட்ட வங்கிக் கணக்குச் சரிபார்ப்புகளை நான் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து முடித்ததும் உண்மை. அவருடைய தாயாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. அது எனக்குத் தெரியும், மேலாளருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. பொறுப்பு வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று.

நான் யூதன் அல்லன். யூத அறநூல்களை மொழிபெயர்ப்பில் படிக்கும் பழக்கம் ஆர்வத்தினால் வந்ததே தவிர, என்னைத் திருத்திக்கொள்ளும் நோக்கத்தினால் வந்ததன்று. ஆனால் நாவினால் செய்யும் குற்றங்களை அந்த மரபு பகுத்து வைத்திருக்கும் விதத்தைப் படித்த நாளில் என் கைத்தடி முறிந்துபோயிற்று. பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பதற்கு எபிரேய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. உண்மையைச் சொல்லியே ஒருவரைத் தாழ்த்துவதற்கு வேறொரு சொல் இருக்கிறது. இரண்டாவதன் பெயர் 'லஷோன் ஹரா', அதாவது தீய நாக்கு. சொன்ன செய்தி உண்மையாக இருப்பது அங்கே குற்றத்தை நீக்குவதில்லை; உண்மையாக இருந்தால்தான் அது அந்தக் குற்றமே ஆகிறது. வள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரமே வைத்திருந்தும், அன்றாடப் பேச்சில் "உள்ளதைத்தானே சொன்னேன்" என்ற ஒரே வாக்கியத்தால் நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த வாக்கியத்தைத்தான் இந்த மரபு முதலில் பிடுங்கிக்கொள்கிறது.

லஷோன் ஹரா மூவரைக் கொல்கிறது என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்மூத்: சொன்னவரை, கேட்டவரை, சொல்லப்பட்டவரை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் வாழ்ந்த மைமோனிடிஸ் (யூதர்கள் இவரை ரம்பாம் என்று சுருக்கிச் சொல்வார்கள்) சொன்னவரைவிடக் கேட்டவருக்கே கேடு மிகுதி என்று எழுதுகிறார். அதோடு, தீய நாக்கின் 'தூசி' என்ற ஒரு வகையையும் அவர் விளக்குகிறார். "அவரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை" என்று வாயை மூடிக்கொள்வதும், ஒருவருடைய பகைவர் முன்னால் அவரைப் புகழ்ந்து, குறை சொல்ல அவர்கள் வாயைத் திறந்துவிடுவதும் இந்தத் தூசியில் அடக்கம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் இருந்த ஒருவர் எங்கள் குடும்பத் திருமணங்களுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

இதைத் தனி நூலாகத் தொகுத்தவர் இஸ்ரேல் மேயர் ககான். இன்றைய பெலாரஸில் உள்ள ராடின் என்ற சிற்றூரில் அவருக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. பெரும்பாலும் மனைவிதான் கடையைப் பார்த்துக்கொண்டார். 1873இல் தம் பெயரைப் போடாமலேயே அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு 'ஹாஃபெட்ஸ் ஹயிம்', வாழ்வை விரும்புகிறவன் என்று பொருள். நாவைத் தீமையிலிருந்து காத்துக்கொள்ளச் சொல்லும் 34ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்த சொற்கள் அவை. 1933இல் அவர் இறந்தபோது உலகம் அவரை அந்தத் தலைப்பின் பெயராலேயே அறிந்திருந்தது.

அந்த நூல் எப்போதும் வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லவில்லை என்பதுதான் என்னை அதில் நிறுத்தியது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் 16ஆம் வசனம் ஒரே மூச்சில் இரண்டைச் சொல்கிறது: கோள் சொல்லித் திரியாதே, உன் அயலானுடைய இரத்தம் சிந்தப்படும்போது சும்மா நிற்காதே. எனவே ஒருவர் ஏமாற்றுக்காரரோடு கூட்டு வியாபாரத்தில் இறங்கப் போகிறார் என்று தெரிந்தும் பேசாமல் இருப்பதும் குற்றமாகிறது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதற்கு ககான் ஏழு நிபந்தனைகளை விதிக்கிறார். ஒரு இரவு என் கேண்டீன் வாக்கியத்தை அவற்றின் முன் நிறுத்திப் பார்த்தேன். நான் கண்ணால் கண்டதைத்தான் சொன்னேனா? ஆம், இந்த ஒன்றில் மட்டும் தேறினேன். மேலாளரிடம் போவதற்கு முன் அந்த மனிதரிடமே நேரில் சொல்லிப் பார்த்தேனா? இல்லை, ஒன்பது மணிவரை உட்கார்ந்த இரவுகளில் ஒரு நாள்கூட அவரிடம் வாய் திறந்து குறைப்பட்டுக்கொண்டதில்லை. உள்ளதைவிடக் கூட்டாமல் சொன்னேனா? "எதையும் விட முடியாது" என்ற அந்த 'எதையும்' கூட்டியதுதான். என் நோக்கம் நன்மையா, வெறுப்பா? இந்தக் கேள்விக்கு நான் எழுதிய பதிலை இங்கே தர மனமில்லை. சொல்லாமலே அதே பயனை வேறு வழியில் அடைந்திருக்க முடியுமா? மாதக் கடைசிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டிருந்தாலே போதும். நான் இழைத்தது கோபத்தில் வந்த தவறன்று, வசதிக்காகச் செய்த தவறு என்று அப்போதுதான் விளங்கிற்று.

குற்றம் தெரிந்தபின் என்ன செய்வது? இந்த இடத்தில் மற்ற மரபுகளைவிட யூத மரபு வறட்டுத்தனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வறட்டுத்தனத்தைத்தான் நான் மதிக்கிறேன். மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றங்களை, யூதர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூர் போக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றங்களை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை அது போக்காது என்பது, தால்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் தீர்ப்பு. ஏறத்தாழ 25 மணி நேரம் நீரும் அருந்தாமல் நோன்பிருந்து, பாவப் பட்டியலைச் சொல்லிச் சொல்லி மார்பில் தட்டிக்கொண்டாலும், பக்கத்து வீட்டுக்காரரிடம் போகாதவருக்கு அந்தக் கணக்கு தீராது. ரம்பாம் அதை நடைமுறையாகவே எழுதி வைக்கிறார். தரவேண்டிய பணத்தைத் தந்துவிட்டால் மட்டும் போதாது, நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். (பதவி உயர்வால் வந்திருக்க வேண்டிய சம்பள வித்தியாசத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கணக்குப் பிரிவில் இத்தனை ஆண்டுகள் இருந்த எனக்கே தெரியவில்லை.) அவர் இசையவில்லை என்றால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போய்க் கெஞ்ச வேண்டும், மீண்டும் மறுத்தால் இரண்டாவது முறை, மூன்றாவது முறை. அதன் பிறகும் மன்னிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், இனி மறுத்தவரே குற்றவாளி. வருத்தம் எவ்வளவு ஆழமானது என்று யாரும் அளப்பதில்லை. எத்தனை முறை படியேறினாய் என்பதுதான் கேள்வி.

ஆனால் என் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவரிடம் போய், உங்களைப் பற்றி இப்படிச் சொன்னேன், மன்னியுங்கள் என்று கேட்கலாமா? நான் முதலில் நினைத்ததுபோல் இது என் சொந்தப் புதிர் அன்று. ககான் தம் நூலில், சொன்ன சொல்லால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், அவர் அறியாதவராக இருந்தாலும் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பெழுதினார். லித்துவேனியாவில் முசார் என்னும் அறவொழுக்க இயக்கத்தைத் தொடங்கிய இஸ்ரேல் சாலன்டர் இதை ஏற்கவில்லை என்று மரபு சொல்கிறது. அறியாமல் நிம்மதியாக இருப்பவரிடம் போய் அதைச் சொல்வது அவரை மீண்டும் ஒருமுறை புண்படுத்துவதாகும். உன் மனப் பாரத்தை இறக்கிவைக்க இன்னொருவருடைய தோள் என்ன சுமைதாங்கிக் கல்லா என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். இரண்டு பெரியவர்களும் அறவொழுக்கத்தையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்கள். அவர்களுக்குள்ளேயே தீராத வழக்கு இது.

நான் ககானின் பக்கம் சாய்ந்தேன். இப்போது யோசித்தால், அவருடைய வாதம் வலுவானது என்பதற்காக அன்று, அது எனக்கு ஆறுதல் தருவதாக இருந்தது என்பதற்காகவே சாய்ந்தேன்.

முதலில், ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்ட மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஊழியர் அக்காலத்தில் சீக்கிரம் கிளம்பியதற்கான காரணத்தை நான் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். "அப்படியா? நீங்கள் அப்படி ஏதோ சொன்னதாகவே எனக்கு நினைவில்லையே" என்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழங்கள் வாங்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவருடைய தாயாரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே சிறிய மின்விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்களை அப்படியே சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "தன் வைத்தியத்தால்தான் எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எழுந்துவிட்டேன்.

தால்மூத்தில் ராவ் என்ற அறிஞரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவருக்கும் ஒரு கசாப்புக்காரருக்கும் மனவருத்தம்; தவறு கசாப்புக்காரருடையது. யோம் கிப்பூருக்கு முந்தின நாள்வரை அவர் மன்னிப்புக் கேட்க வராததால், சமாதானத்துக்கு வாய்ப்பளிக்கலாம் என்று ராவே கிளம்பிப் போனார். வழியில் பார்த்த இன்னொரு அறிஞர், இவர் ஒரு மனிதனைக் கொல்லப் போகிறார் என்றார். ராவ் போய் நின்றபோது கசாப்புக்காரர் ஒரு விலங்கின் தலையைப் பிளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, உன்னோடு எனக்குப் பேச்சில்லை, போ என்றார். அந்த நொடியில் ஒரு எலும்புத் துண்டு தெறித்துக் கசாப்புக்காரரின் உயிரைப் பறித்தது. படித்தபோது, நல்லெண்ணத்தோடு போனதற்கு இப்படி ஒரு முடிவா என்று எரிச்சலடைந்தேன். அந்தக் கூடத்திலிருந்து இறங்கி வந்த பிறகு எரிச்சல் இல்லை. நல்லெண்ணத்தோடு போவதும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போவதுதான் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சாலன்டர் சொன்னதே சரி என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற முடியாது என்பதும் அவர்களே சொல்லித் தந்ததுதான்.

முழுமையான தெஷுவா, அதாவது முழுமையான திரும்புதல், எது என்பதற்கு ரம்பாம் ஒரு இலக்கணம் தருகிறார்: அதே தவறைச் செய்வதற்கு அதே வாய்ப்பும் அதே வலிமையும் மறுபடி வாய்க்கும்போது, அச்சத்தாலோ இயலாமையாலோ அல்லாமல், செய்யாமல் விலகுவது. போன மாதம் புதிய மேலாளர் ஒரு இளம் ஊழியரைப் பற்றி என்னிடம் கேட்டார். "நல்ல பெண்தான் சார்" என்று தொடங்கிவிட்டேன். 'ஆனால்' நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. "அவரிடமே கேளுங்களேன்" என்று முடித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் பிறகுதான் உறைத்தது: நான் ஒன்றும் சொல்லாததிலிருந்தே அவர் ஏதோ புரிந்துகொண்டுவிட்டார். தூசி.

நண்பர் வீட்டுக்கு இரண்டாவது முறையும் போய்விட்டு வந்தேன். காபி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. ரப்பி (யூதச் சமய ஆசான்) ஹனினா என்பவர் தம்மீது கொண்ட மனத்தாங்கலைத் தீர்க்க, அதே ராவ் 13 ஆண்டுகள் யோம் கிப்பூருக்கு முந்தின நாள்தோறும் போய்க் கேட்டும் அவர் இசையவில்லை என்று தால்மூத் சொல்கிறது. மூன்று முறைக்கு மேல் கேட்க வேண்டியதில்லையே என்ற கேள்விக்கு, ராவ் விஷயம் வேறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு இன்னும் மூன்றாவது முறையே பாக்கி இருக்கிறது. அதற்கு மூன்று நண்பர்களை அழைத்துப் போக வேண்டும் என்பது ரம்பாமின் விதி. அழைத்துப் போவதென்றால், மாதக் கடைசியில் அவர் கணக்குகளைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிய கதையை அந்த மூவரிடமும் முதலில் நான் சொல்லியாக வேண்டும்.