சிற்றலை இரைச்சலும் சிகாகோவின் ஒரு இசைக்குழுவும்

உயர்தர வகுப்பில் எங்களுக்குப் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர், தொலைதூர வானொலி ஒலிபரப்புக்குப் பயன்படும் சிற்றலைகள், வளிமண்டலத்தின் மேலுள்ள மின்னேற்றமுடைய படையான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புவதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியது, பல ஆண்டுகளின் பின் வில்கோ என்ற அமெரிக்க இசைக்குழுவைக் கேட்டபோது என் நினைவில் முழுமையாக எழுந்தது. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பெடலைத் தம்பி கையால் சுற்ற, டைனமோவில் இயங்கிய வானொலியில் செய்தி தேடி முள்ளை நகர்த்துவேன். நிலையங்களுக்கு இடையில் கீச்சொலியும் இரைச்சலுமே நிறைந்திருக்கும்.

ஜெஃப் ட்வீடியின் தலைமையில் 1994இல் உருவான வில்கோ, பான்ஜோவும் பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் ஒலிக்கும் கன்ட்ரி ராக் குழுவாகவே தொடங்கியது. 1999இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் சின்தசைசரும், நாடாவில் பதிந்த ஒலிகளை இசைக்கும் விசைப்பலகைக் கருவியான மெலோட்ரானும் முன்னுக்கு வந்தன. அடுத்ததான 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' தன் பெயரையே சிற்றலையிலிருந்து பெற்றது. எண்களையும் குறிச்சொற்களையும் வாசிக்கும், உளவாளிகளுக்கானவை என்று கருதப்படும் 'எண் நிலையங்கள்' எனும் சிற்றலை வானொலி நிலையங்களின் ஒலிப்பதிவுத் தொகுப்பொன்றில், அம்மூன்று சொற்களையும் உணர்ச்சியின்றித் திரும்பத் திரும்ப உச்சரிக்கும் பெண்குரலைக் குழுவினர் ஒரு பாட்டின் இறுதியில் சேர்த்தனர். இரைச்சல் பெருகப் பெருக, பாடியவரின் குரல் மறைந்து அக்குரல் மட்டும் எஞ்சுகிறது.

இதனை வெறும் ஒலி வேடிக்கை என்போருடன் நான் உடன்படுவதில்லை. ஒருவர் சொல்வது மற்றவரைச் சென்றடையாத துயரமே அப்பாடல்களின் பொருளாதலால், ஜிம் ஓ'ரூர்க் தமது ஒலிக்கலவையில் எளிய கிட்டார் மெட்டுகளைச் சுற்றி விட்டுவைத்த இரைச்சல், அந்தத் துயரத்தையே காதுக்குப் புலப்படுத்துகிறது. செய்தி வரும் வரும் என்று இரைச்சலுக்குள் காத்திருந்த எம் தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குழுவின் இசைத்தட்டு நிறுவனமான ரிப்ரைஸ் இந்த இசைத்தட்டை வெளியிட மறுத்தது. மூலப்பதிவைப் பெற்றுக்கொண்ட குழு, 2001 செப்டெம்பரில் தன் இணையத்தளத்தில் அதனை இலவசமாகக் கேட்க விட்டது. 2002 ஏப்ரலில், ரிப்ரைஸின் அதே தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான நன்சச் அதனை வெளியிட்டது. புதிதாகக் கேட்க விரும்பும் பள்ளித் தோழர்கள் 1995இல் வந்த முதல் இசைத்தட்டிலிருந்து வரிசையாகக் கேட்டு வருவதே நன்று. பழைய மெட்டைக் கைவிடாமலே இவர்கள் எவ்வளவு தூரம் சென்றார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.