கடைவாய்ப் பல்லில் கடுகளவு கறுப்பு

என்னுடைய இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருப்பதை அலுவலகத்தில் நடந்த பல் பரிசோதனை முகாமில்தான் முதலில் சொன்னார்கள். வலி இல்லை, கூச்சம் இல்லை. ஆகையால் மருத்துவரிடம் போகவும் இல்லை. மூன்று ஆண்டுகள், கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம், அந்தப் புள்ளி அப்படியேதான் இருந்தது. நான்காம் ஆண்டில், குளிர்ந்த நீர் பட்டால் சுருக்கென்று இழுப்பதில் தொடங்கி, ஆறே மாதங்களில், இரவு இரண்டு மணிக்குத் தாடையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உலாவும் நிலைக்கு வந்துவிட்டேன். அத்தனை காலம் சும்மா கிடந்தது எப்படி இவ்வளவு விரைவாக ஓடியது என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதையும், அதன்பின் நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன்.

பல்லின் மேலுறையான எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுக்களே. பல்லின்மேல் படியும் படலத்திலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்க, அங்கே பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து போகின்றன. இனிப்புத் தின்ற சில நிமிடங்களில் இறங்கும் பிஎச், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். பிறகு உமிழ்நீர், போன தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. நாள்தோறும் நடக்கும் இந்த வரவு செலவில் செலவே தொடர்ந்து மிஞ்சினால்தான் குழி விழும். ஒரே வேளையில் நான்கு லட்டு தின்று முடிப்பவரைவிட, காலை முதல் மாலை வரை ஐந்தாறு முறை சர்க்கரை போட்ட தேநீர் குடிப்பவரின் பல்லுக்கே கேடு அதிகம். நான் இரண்டாம் வகை.

நிலைத்த பல்லின் எனாமலைச் சொத்தை கடக்கப் பெரும்பாலும் சில ஆண்டுகள் பிடிக்கும். ஃப்ளோரைடு பற்பசை அதை இன்னும் தாமதப்படுத்தும், சிலருக்கு நிறுத்தியே விடும். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் அதைவிட மென்மையானது, இன்னும் குறைந்த அமிலத்திலேயே கரையக்கூடியது. அதற்குள், பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள கூழ் வரை செல்லும் நுண்குழாய்களும் உண்டு. அங்கே இறங்கிய சொத்தை பக்கவாட்டிலும் பரவுவதால், வெளியில் கடுகளவு தெரியும்போதே உள்ளே பெரிய பொந்து இருக்கலாம். எக்ஸ்ரேயில் என் பல்லின் நடுவே பாதி மிளகு அளவுக்கு நிழல் விழுந்திருந்தது. மருத்துவர் சுரண்டி எடுத்தபோது வந்தது, ஊறிய தோல்போல் பழுப்பாக, கருவியோடு இழுபட்டு வந்த ஒன்று. அதுவும் என் பல்தான் என்று நம்பச் சற்று நேரம் ஆயிற்று.

எந்தக் கட்டத்தில் போயிருக்க வேண்டும் என்பதை இப்போது என்னால் தெளிவாகச் சொல்ல முடிகிறது. குளிர்ச்சியோ இனிப்போ பட்டுச் சுருக்கென்று வலித்து, சில நொடிகளில் அடங்கினால், கூழ் பெரும்பாலும் பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கும்; ஒரே அமர்வில் அடைத்துவிடலாம். அந்த வாரத்திலேயே போயிருக்க வேண்டும். வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலும், தூண்டுதல் எதுவுமின்றித் தானே எழுந்தாலும், படுத்தவுடன் துடித்தாலும், பெரும்பாலும், கெட்டுப்போன கூழை எடுத்துவிட்டு உள்ளே அடைக்கும் வேர் சிகிச்சைதான் கதி. நானோ கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் காலையில் வலி அடியோடு நின்றது. கிராம்பின் மகிமையை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். உண்மையில் உள்ளிருந்த நரம்பு செத்திருந்தது. பத்து நாளில் ஈறு வீங்கிச் சீழ் கட்டியது. மூன்று அமர்வுகள் வேர் சிகிச்சை, அதன்மேல் பல்லை மூடும் கேப். முகமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலும், மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார்.

பால் பற்களில் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றின் எனாமல் மெல்லியது. நமக்கு ஆண்டுகள் ஆவது குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நடந்துவிடும். விழப்போகும் பல்தானே என்று நானும் என் மகன் விஷயத்தில் சொல்லியிருப்பேன். என் பல் பட்ட பாட்டுக்குப் பிறகு வாய் வரவில்லை. ஆறு வயதில் அவனுக்குப் புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லில் (அது விழும் பால் பல் அல்ல, நிலைத்த பல்), சுண்ணாம்பு தடவியதுபோல் ஒளியற்ற வெள்ளைப் புள்ளி இருந்தது. குழி விழாத அந்தக் கட்டம் மீளக்கூடியது என்பதால், துளையிடாமல் ஃப்ளோரைடு பூச்சு மட்டும் பூசினார்கள்; இரவில் பல் துலக்கிய பிறகு பால் கொடுப்பதை நாங்கள் நிறுத்தினோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது புள்ளி மறையவில்லை; ஆனால் கெட்டிப்பட்டுப் பளபளவென்று இருந்தது. இதற்குமேல் இதைத் தொட வேண்டாம் என்று மருத்துவர் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.