முழங்கை உயரத்தில் ஒரு மேசை

கனடாவுக்குக் குடிவரும் ஹாம் வானொலி நண்பர்கள், அதாவது பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் வானலை வழியே பேசுகிறவர்கள், என்னிடம் முதலில் விசாரிப்பது ஆன்டெனாவைப் பற்றித்தான். வீட்டுக்காரர் கம்பி கட்ட விடுவாரா, பக்கத்து வீட்டார் புகார் செய்வார்களா என்றெல்லாம் கேட்பார்கள். நான் பேச்சை மேசைக்குத் திருப்பிவிடுவேன். கம்பியைக் கோடையில் அவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம். டொரொன்டோவின் நீண்ட குளிர்காலம் முழுவதும் நாம் உட்காரப்போவது மேசைக்கு முன்னால் அல்லவா?

உரிமம் பெறுவது இங்கே பெரிய பாடில்லை. அடிப்படைத் தேர்வில் 100 கேள்விகள். 70 சரியாக எழுதினால் தேர்ச்சி. 80 எடுத்தால் தூரதேசங்களோடு பேச உதவும் சிற்றலைப் பட்டைகளும் கைக்கு வந்துவிடும். வி.யு. என்று தொடங்கிய என் பழைய இந்திய அழைப்புக்குறி (வானலையில் நம் பெயர்) போய், வி.ஏ.3 என்று தொடங்கும் புதியது வந்தது. உறக்கக் கலக்கத்தில் இன்றும் சில நாள் பழையதுதான் நாக்கில் வருகிறது.

உறக்கக் கலக்கத்துக்குக் காரணம் உண்டு. டிசம்பரில் இங்கே காலை ஏழே முக்கால் வாக்கில் விடிகிறது. சென்னையில் சூரியன் மறையும்போது இங்கே காலை ஏழேகால். அங்கே அந்தியும் இங்கே விடியலும் அடுத்தடுத்து வருகிற அந்தச் சிறு பொழுதில்தான் 40 மீட்டர் அலைநீளப் பட்டையில் ஊர்க்குரலைப் பிடிக்க நல்ல வாய்ப்பு. அலை வருகிற வழியோ ஏறக்குறைய வடதுருவத்தை ஒட்டியது, 13,000 கிலோமீட்டருக்கும் மேல். துருவ ஒளி ஆடுகிற நாளில் குரல் நடுங்கிக்கொண்டு வரும், அல்லது வரவே வராது. ஆகவே இந்த வேலையில் பேசுவது கொஞ்சம், காத்திருப்பதுதான் அதிகம். ஒரு கை டயலில், காது ஹெட்போனில். தோளும் கழுத்தும் போவது அந்தக் காத்திருப்பில்தான்.

கடையில் விற்கும் மேசை பெரும்பாலும் 29 அல்லது 30 அங்குல உயரம். ஐந்தடி நான்கங்குல ஆளுக்கு அது அதிகம். நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும். இறக்கினால் தோள் காதுவரை ஏறும். ஸ்கார்பரோவில் நாங்கள் இருப்பது அடித்தள வீடு. வாசற்படி திருப்பத்தில் பெரிய மேசை இறங்கவும் இறங்காது. பழைய கட்டுமானப் பொருள் கடையில், உள்ளே வெற்றிடம் இல்லாத கனமான மரக்கதவு ஒன்று கிடைத்தது. அதைச் செங்குத்தாக நிறுத்தி இறக்கினோம். உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து அளந்தேன்: 26 அங்குலம். கதவையே மேசைப் பலகையாக்கி, கால்களை அந்தக் கணக்குக்கு வெட்டிப் பொருத்தினேன். கைப்பிடிக்கு இருந்த ஓட்டை வழியாக இப்போது ஹெட்போன் ஒயர் போகிறது.

கருவிகளை மேல்தட்டில் வரிசையாக அடுக்குவது புகைப்படத்துக்கு அழகு. தொட்டுக்கொண்டே இருக்கவேண்டிய டயல் நெஞ்சுக்கு மேலே இருந்தால், கை அந்தரத்தில் தொங்கியே சாகும். என் ரிக் (பேசவும் கேட்கவுமான வானொலிக் கருவி) மேசைமீதே இருக்கிறது, விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, முன்கால்களைச் சற்று உயர்த்தி. முன்கை முழுவதும் மேசையில் கிடக்க, விரல் மட்டும் டயலைத் திருப்புகிறது. வலக்கை குறிப்பேட்டுக்கு வேண்டும் என்பதால் ரிக் இடப்பக்கம், கணினித்திரை நேர் எதிரே. கண்ணால் மட்டும் பார்க்கிற மீட்டர்களுக்குத் தட்டு போதும். விசிறி இரைகிற மின்வழங்கியைக் கண்ணுக்கு எட்டாமல் தள்ளத்தான் மனம் வரும். ஆனால் 100 வாட்டில் பேசும்போது 13.8 வோல்ட் கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடும். கம்பி நீண்டால் வோல்ட் இறங்கும். எனவே மேசைக்கு அடியில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். ஊரிலிருந்து 230 வோல்ட் வழங்கியைச் சுமந்து வருகிறவர்கள் பின்புறம் இங்குள்ள 120 வோல்ட்டுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

புள்ளியும் கோடுமாகத் தந்தி அடிக்கும் மோர்ஸ் கீ தனிக்கதை. எனக்குக் கற்றுத்தந்தவர் திருச்சியில் ஓய்வுபெற்ற தந்தி ஊழியர். பிரிட்டிஷ் பாணிக்காரர். கீ மேசை விளிம்பில் இருக்கும், முன்கை காற்றில் நிற்கும், மணிக்கட்டு ஆடும். இங்கே பழைய ஆட்கள் அமெரிக்கப் பாணியில் கீயை மேசைக்குள் தள்ளிவைத்து, முன்கையைப் படுக்கப்போட்டு அடிக்கிறார்கள். நாள் முழுவதும் தந்தி அடித்தவர்களுக்குக் கை மரத்து வேலைக்கே உதவாமல் போனது அந்தக் காலத்தில் பெரிய தொழில்நோய். என் குருவிடம் சொன்னால் முகம் சுளிப்பார் என்றாலும், கனத்த ஸ்வெட்டர் போட்ட கைக்கு அமெரிக்கப் பாணிதான் சுகம். கீயை இரும்புத் தகட்டில் திருகி, அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன்; நகராது.

பேசுவதற்குக் கால்மிதி சுவிட்ச் வைத்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதைச் சாய்வான மரப்பலகையில் பொருத்தினேன். குளிர்ந்த சிமென்ட் தரையில் பாதம் படாமல் இருப்பது உபரி லாபம்.

மோட்டார் வைத்த, ஏறி இறங்கும் மேசை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். நண்பர் ஒருவர் வாங்கினார். அவர் 20 மீட்டர் பட்டையில் அழைத்தபோதெல்லாம் மேசை தானாக எழுந்து நின்றது. மேசையின் கட்டுப்பாட்டுக் கம்பியில், வானொலி அலை புகாமல் தடுக்கும் ஃபெரைட் வளையங்கள் மாட்டியபிறகே அடங்கியது. அந்தப் பணத்துக்கு, அலுவலகங்கள் காலிசெய்யும்போது விற்கும் நல்ல நாற்காலி ஒன்றை வாங்குங்கள். கைப்பிடி கீழே இறங்குகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். இறங்காவிட்டால் மேசைக்கு அடியில் நுழையாது.