சைக்ளோனின் அடிவாயைப் பாருங்கள்

காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோனை, அதாவது அடியில் கூம்பு வைத்த உருளையைப் பொருத்திய பிறகும் மிளகாய் மில்லைத் தாண்டிப் போகிறவர் தும்முகிறார் என்றால், கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் உடனே காற்றை இழுக்கும் பிளோவரைத்தான் குறை சொல்வார்கள். பெரிசாக ஒன்று மாட்டு என்பார்கள். பெரும்பாலும் கோளாறு கூம்பின் அடிவாயில் இருக்கும்.

காற்று பக்கவாட்டாக நுழைந்து சுவரோடு சுழன்று இறங்கும். தூள் சுவரில் ஒதுங்கிக் கீழே சரியும், காற்று நடுவால் திரும்பி ஏறி மேல்குழாய் வழியே போகும். பிளோவர் சைக்ளோனுக்குப் பின்னால் இருந்தால் உள்ளே முழுக்க உறிஞ்சல்தான். கூம்பின் அடியில் தூள் விழும் வாளியின் மூடி ஒரு நூல் விலகினாலும் போதும், வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, விழுந்த தூளை அள்ளிக்கொண்டு நடுச்சுழலோடு மேலேறிவிடும். மெல்லிய டிஷ்யூ பேப்பர் கீற்றை மூடியின் விளிம்போடு பிடித்துப் பாருங்கள். உள்நோக்கி ஒட்டினால் அங்கே ஓட்டை. ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கவேண்டாம். காற்றில் மிதக்கும் மிளகாய்த்தூள் தீப்பற்றக்கூடியது. நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டாமல் இருக்க, குழாய்களுக்கும் எர்த் கட்டாயம். மூடியின் விளிம்புக்கு இடைவெளி அடைக்கும் ரப்பர் பட்டியும் (பீடிங்) இறுக்கிப் பிடிக்கிற கிளிப்பும் போடுங்கள். சுழல் வாளிக்குள்ளும் இறங்குவதால், முக்கால்வாசி நிரம்புமுன் வாளியை மாற்றவேண்டும்.

அளவுக்கு, 1951இல் பொறியாளர் ஸ்டேர்மண்ட் வெளியிட்ட விகிதமே இன்றும் கைகொடுக்கிறது. உருளை விட்டம் 400 மில்லிமீட்டர் என்றால் நுழைவாய் 200க்கு 80, மேல்குழாய் விட்டம் 200, அது உள்ளே இறங்குவதும் 200, உருளை உயரம் 600, கூம்பு 1000, அடிவாய் 150. நுழைவாயில் காற்று விநாடிக்கு 15 மீட்டர் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 860 கன மீட்டர் இழுக்கும். அழுத்த இழப்பு 80 மில்லிமீட்டர் நீரளவு வரும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றினால் அதுவே அழுத்த மானி. "எதற்கும் பெரிசாக இருக்கட்டும்" என்று அதே பிளோவருக்குச் சைக்ளோனை 600 மில்லிமீட்டர் விட்டத்தில் செய்விப்பவர்கள் வேகத்தைக் கொன்றுவிடுகிறார்கள். பிரியவேண்டிய தூளும் பிரியாது.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் வேறு தொல்லை. எண்ணெய்ப்பசையுள்ள தூள் ஈரம் பிடித்துக் கூம்பில் அப்பும். உடனே சுத்தியலால் ஒரு தட்டு. விழும், உண்மைதான். ஆனால் தட்டிய இடம் உள்நோக்கிக் குழிந்து, அடுத்த முறை தூள் முதலில் அப்புவது அங்கேதான். சுத்தியலுக்குப் பதில் கூம்பில் சுத்தம்செய்யும் வாசல் ஒன்றை வெட்டி, அதற்கும் பீடிங் போட்டு, நீளப் பிரஷ்ஷால் துடையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 5 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கீழுள்ள தூளில் நிறையத் தப்பும், மூக்கில் ஏறுவதும் அதுதான். பின்னால் துணிப்பை வடிகட்டி வேண்டும்; இந்தக் காற்றோட்டத்துக்கு 12 சதுர மீட்டர் துணி. அரைத்து முடிந்ததும் பிளோவரை 10 நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் சூடான ஈரக்காற்று பைக்குள்ளேயே குளிர்ந்து துணியை அடைத்துவிடும்.