பேட்டரி சக்கர நாற்காலியுடன் சென்னையிலிருந்து தில்லிக்கு

மடக்கக்கூடிய பேட்டரி சக்கர நாற்காலி ஒன்றை வாங்கிய சில மாதங்களில், தில்லியில் அண்ணன் மகளின் திருமணம் நிச்சயமானது. விமான நிலையத்தில் தரப்படும் தள்ளுநாற்காலி விமானத்தின் வாசல் வரைதான் உதவும். தில்லியில் இறங்கிய பிறகு யார் கையையும் எதிர்பாராமல் மண்டபத்துக்குள் நடமாட எனக்கு என் நாற்காலியே வேண்டும். அதை விமானத்தில் கொண்டு சென்று திரும்பிய அனுபவத்தை, இதே பயணத்துக்கு ஆயத்தமாகும் சக மாற்றுத்திறனாளிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டைத்தான். என் பேட்டரி 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 288 வாட்-மணி; பேட்டரி தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவு அது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் அபாயப் பொருள் விதிகளின்படி, சக்கர நாற்காலியிலிருந்து கழற்றப்படும் லித்தியம் பேட்டரி ஒன்று 300 வாட்-மணிக்கு மேற்படக் கூடாது. இரண்டு பேட்டரிகளில் இயங்கும் நாற்காலியானால் ஒவ்வொன்றும் 160-ஐத் தாண்டக் கூடாது. கழற்றிய பேட்டரியை, முனைகள் உரசித் தீப்பற்றாதபடி மூடி, தனி உறையிலிட்டுப் பயணியே தன்னுடன் இருக்கைப் பகுதிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கறையில் போடக் கூடாது. நான் முன்பு வைத்திருந்த கனமான நாற்காலியில் இருந்தது சிந்தாத ஜெல் பேட்டரி. அந்த வகையை நாற்காலியிலேயே பொருத்தியபடி சரக்கறையில் ஏற்றிவிடலாம். ஆகவே கடைக்காரரிடம் வேகத்தையும் தூரத்தையும் விசாரிப்பதற்கு முன்பே இந்த வாட்-மணி எண்ணைக் கேட்டுவிடுவது நல்லது; 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 480 வாட்-மணி ஆகிவிடும், கழற்றி எடுத்துச் செல்லும் வழி அதோடு அடைபட்டுவிடும்.

பயணச்சீட்டு எடுத்த அன்றே விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைத் தொலைபேசியில் அழைத்தேன். உதவி தேவைப்படுவதை 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ-வின் விதி. மறுமுனையில் பேசியவர் மருத்துவச் சான்றிதழ் கேட்டார். ஏறி இறங்க மட்டுமே உதவி தேவைப்படும் பயணியிடம் அதைக் கேட்பதற்கில்லை என்று அதே விதிகளை மேற்கோள் காட்டிய பிறகு விட்டுவிட்டார். என் முன்பதிவில் இரண்டு குறியீடுகளைச் சேர்க்கச் சொன்னேன்: இருக்கை வரை தூக்கிச் செல்ல உதவி வேண்டும் என்பதைக் குறிக்கும் ‘டபிள்யூசிஎச்சி’, லித்தியம் பேட்டரியில் இயங்கும் நாற்காலி வருகிறது என்பதைக் குறிக்கும் ‘டபிள்யூசிஎல்பி’. முதலாவது எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டாவதைக் கேட்டதும் அழைப்பைக் காத்திருப்பில் வைத்துவிட்டு எவரிடமோ விசாரிக்கப் போனார்கள். பிறகு நாற்காலியின் எடை, மடக்கிய நிலையில் அதன் நீள அகல உயரம், பேட்டரியின் வாட்-மணி அனைத்தையும் மின்னஞ்சலில் எழுதி, எழுத்திலேயே ஒப்புதல் பெற்றேன். மடக்க முடியாத நாற்காலி வைத்திருப்பவர்கள் விமானத்தின் வகையையும் கேட்க வேண்டும். போயிங் 737-இன் சரக்கறைக் கதவு ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது, ஏர்பஸ் 320-இல் உயரம் சற்றுக் கூடுதல்.

இவ்வளவுக்குப் பிறகும் பயண நாளன்று முகப்பில் இருந்த இளைஞர், “160-க்கு மேற்பட்ட பேட்டரியை அனுமதிக்க முடியாது சார்” என்றார். பவர் பேங்க் போன்ற உதிரி பேட்டரிகளுக்கான வரம்பு அது. சக்கர நாற்காலிக்கென்று ஐயாட்டாவின் அதே விதி அட்டவணையில் தனி வரிசை உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கொடுத்த பயிற்சியில் அந்த வரிசை இடம்பெறவில்லை, அதை அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை வரிசையில் நிற்கும் என் தலையில் விழுந்தது. அச்சிட்டு வைத்திருந்த அட்டவணையையும் ஒப்புதல் மின்னஞ்சலையும் நீட்டி, பணி மேலாளரை அழைக்கச் சொன்னேன். “விமானி மறுத்துவிட்டால்?” என்று மேலாளர் கேட்டார். 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவன் விமானத்தில் ஏற்றப்படாமல் போனதையடுத்து அதே ஆண்டு ஜூலையில் டிஜிசிஏ விதியைத் திருத்தியது. அதன்படி, உடற்குறைபாட்டைக் காரணம் காட்டி எவரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. பயணத்தில் உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், விமான நிலைய மருத்துவர் நேரில் பரிசோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் பேச்சின் தொனி மாறியது. 2012-இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் ஜீஜா கோஷுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டதையும் சொல்லத் தயாராக இருந்தேன், தேவைப்படவில்லை.

பாதுகாப்புச் சோதனை எளிதாகவே முடிந்தது. நாற்காலியை விமான வாசல் வரை ஓட்டிச் சென்று அங்கே ஒப்படைக்கிறேன் என்று முன்பே கேட்டிருந்ததால் அதற்கும் இணங்கினார்கள். வாசலில் நானே பேட்டரியைக் கழற்றி உறையிலிட்டேன். அங்கிருந்து இருக்கைகளுக்கிடையே செல்லும் குறுகலான நாற்காலிக்கு மாற்றி அமர்த்துவதுதான் உடலுக்குக் கடினமான கட்டம். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை ஊழியர்கள் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பேட்டரியைப் பற்றி இத்தனை பேர் கவலைப்பட்டார்கள். நாற்காலியைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. நாற்காலியைக் கையால் தள்ளுவதற்காகக் கியரை விடுவிக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி முதுகுச் சாய்வில் ஒட்டியிருந்தேன், நாற்காலியை ஓட்டும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக்கைக் குமிழித்தாளால் சுற்றியிருந்தேன். ஆனாலும் தில்லியில் கைக்கு வந்தபோது ஜாய்ஸ்டிக்கைத் தாங்கும் கம்பி வளைந்திருந்தது. அனுப்பும் முன் எடுத்த படங்களைக் காட்டி, வெளியே வருவதற்குள் சேத அறிக்கை எழுதி வாங்கினேன். உள்நாட்டுப் பயணத்தில் உடைமைகளுக்கான இழப்பீட்டு வரம்பு 20,000 ரூபாய்தான் என்கிறது மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் பயணிகள் சாசனம். என் நாற்காலியின் விலை லட்சத்தைத் தாண்டும். ஒருவரின் கால்களுக்கு நிகரான கருவியைத் துணிப்பெட்டியோடு சேர்த்து எண்ணும் இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. பழுதுபார்த்த செலவு அந்த வரம்புக்குள் அடங்கியதால், அதே அமைச்சகத்தின் ஏர்சேவா என்னும் குறைதீர் தளத்தில் புகார் பதிந்து சில வாரங்களுக்குப் பிறகு பணம் வந்தது.

திரும்பும்போது ஜாய்ஸ்டிக்கைத் தாங்கியோடு கழற்றி, பேட்டரி இருந்த பையிலேயே வைத்து மடியில் கொண்டுவந்தேன். அதைக் கழற்ற ஒரு சிறிய அறுகோணச் சாவி போதும். நாற்காலி வாங்கும்போது தரும் கருவிப் பையிலேயே அது இருக்கும்.