நேரம் எங்கிருந்து எடுத்தேன் என்றால்

"வேலையோட படிப்பு, பிள்ளைகள் எண்டு உங்களுக்கு எப்படித் தங்கச்சி இதுக்கெல்லாம் நேரம் கிடைக்குது?" என்று மருந்துக்கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு அக்கா போன கிழமை கேட்டார். பின்னால் ஆட்கள் நின்றதால் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், நேரம் எனக்குக் கிடைக்கவேயில்லை, எடுத்தேன் என்பதுதான் உண்மை. யாரிடமிருந்து எடுத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நிலவரம் இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட். நானும் இவரும், மாமி, ஆறு வயது மகள், மூன்று வயது மகன். தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் தாதியர் டிப்ளோமா இரண்டாம் வருடம் படிக்கிறேன். பின்னேரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை மருந்துக்கடைக் கவுண்டர், ஞாயிறு முழுநாள். அரசாங்கப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டிய வயதில் கல்யாணம், பிறகு பிள்ளை, பிறகு இன்னொரு பிள்ளை, அதற்குள் வயதெல்லை தாண்டிவிட்டது. அதனால் தவணையாகக் காசு கட்டிப் படிக்கிறேன். (இதே வழியில் வர நினைக்கிறவர்களுக்கு ஒன்று: கட்டடத்தையும் வெள்ளை யூனிபோர்மையும் பார்த்து மயங்காமல், முடித்தால் நேர்சிங் கவுன்சிலில் பதிய முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் முதலில் விசாரித்த இடத்தில் இதைக் கேட்டதும் பேச்சை மாற்றி கன்டீனைக் காட்டினார்கள்.)

படிப்பு நினைத்த அளவு பயமாக இல்லை. பி.டி. என்றால் நாளைக்கு இரண்டு தரம், டி.டி.எஸ். என்றால் மூன்று தரம் என்பதெல்லாம் கவுண்டரிலேயே பழகியவை. என்னை அழ வைத்தது சேலைன் கணக்கு. 500 மில்லிலீட்டரை 4 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும், சேலைன் ஏற்றுகிற குழாய் செட்டில் ஒரு மில்லிலீட்டருக்கு 20 சொட்டு, அப்படியென்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. சின்னப் பிள்ளைகளுக்கான செட் என்றால் மில்லிலீட்டருக்கு 60. இதை மேசையில் இருந்து படித்தேன் என்று சொல்ல ஆசைதான். 101 பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டும், சோறு வடியும்வரை ஒழுகுகிற குழாயில் சொட்டு எண்ணியும்தான் படித்தேன். எங்கள் குசினிக் குழாய் நிமிடத்துக்கு 38. திருத்தச் சொல்லி இவரிடம் ஆறு மாதமாகச் சொல்கிறேன்.

பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரி வாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அங்கே பேச்சு சிங்களம், எழுத்து இங்கிலீஷ், நோவு மட்டும் அவரவர் சொந்த மொழியில். ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அம்மா "நாரி உளையுது மிஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களோடு படிக்கிற ஹட்டன் பிள்ளைக்கும் தமிழ்தான், ஆனால் நாரி என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை, அவள் ஊரில் இடுப்பு என்றுதான் சொல்வார்களாம். உளைவதும் குத்துவதும் கடுப்பதும் எரிவதும் ஒன்றல்ல. இதை அப்படியே சிங்களத்தில் "ரிதெனவா" என்ற ஒற்றைச் சொல்லாக்கிச் சொன்னால் டொக்டருக்குப் பாதிதான் போகும். நான் என் கையால் என் முதுகைத் தொட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். புத்தகம் எதிலும் இல்லாத ஒன்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

சரி, எடுத்த கதைக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன், பரீட்சைக்கு முதல்நாள் இரவு மகனுக்குக் காய்ச்சல், தடிமன். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இருமலோடு மூச்சு நிமிடத்துக்கு 40ஐத் தொட்டால் நியூமோனியாவை யோசிக்கவேண்டும் என்று அந்தக் கிழமைதான் படித்திருந்தோம். படிக்காமலே இருந்திருக்கலாம் போல. இருட்டில் அவன் நெஞ்சைப் பார்த்து, ஃபோனில் முழு நிமிடம் வைத்து எண்ணினேன். 44. மறுபடி எண்ணினேன், 44. காய்ச்சலாலும் மூச்சு கூடும் என்பது தெரியும், ஆனால் தாய்க்குத் தெரிவது வேறு, தாதிக்குத் தெரிவது வேறு. 14 கிலோ, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு பரசிட்டமோல் பாணி கொடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தேன். பிறகு 32. நெஞ்சு உள்ளே இழுக்கவில்லை, தண்ணீர் குடித்தான், சத்தி எடுக்கவில்லை.

ஆனாலும் விடிந்ததும் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். நான் போனால் பரீட்சை போகும். "நீ போ பிள்ளை, நாங்கள் பாக்கிறம்" என்றார் மாமி. இவருக்கு நாள் சம்பளம், அன்றைக்கு அது இல்லை. நான் பரீட்சை மண்டபத்தில் இருந்து வேறொருவரின் மூச்சு வீதத்தைப் பற்றி எழுதினேன். (மகனுக்கு வெறும் வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் ஓடித் திரிந்தான்.)

ஆக, கணக்கு இப்படி. இவரிடமிருந்து ஒருநாள் சம்பளம், அது ஒன்றல்ல, எண்ணுவதை விட்டுவிட்டேன். மகள் முன்பெல்லாம் ஸ்கூலில் ஏதாவது என்றால் "அம்மா வருவீங்களா?" என்பாள், இப்போது "யார் வருவீங்கள்?" என்று கேட்கிறாள். அதை நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். மாமிதான் அதிகம் கொடுத்தவர். வெள்ளிக்கிழமை என்றால் பம்பலப்பிட்டி கதிரேசன் கோவில், அவருக்கு அது தவறவே தவறாது. வெள்ளி எனக்கு வாட்டு நாளானதிலிருந்து அவர் நேர்சரி வாசலில் நிற்கிறார், முழங்கால் நோவோடு. ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இந்த வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை. எனக்கு வாட்டும் இல்லை, வகுப்பும் இல்லை. இன்றைக்குப் புதன்தான், மாமி சேலையை இப்போதே அயர்ன் பண்ணிக் கதிரையில் போட்டு வைத்திருக்கிறார்.